சாயத்தூளின் எண்ணும் சாயத்தண்ணீரின் எண்ணும்: 96 மணித்தியால மீன் பரிசோதனை எதைச் சொல்கிறது

செயற்கைச் சாயம் பெரிய கொள்கலன்களில் இறக்குமதியாகும்போது அதனுடன் ஒரு பாதுகாப்புத் தரவுத்தாளும் வரும். அந்தத் தாளின் பன்னிரண்டாம் பிரிவு சூழல் பற்றியது. அதில் "மீன், 96 மணித்தியாலம், எல்.சி.50: லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல்" என்பது போன்ற ஒற்றை வரி இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் கைத்தறிக்கு நூல் சாயமிடுபவர் இந்தத் தாளைப் பெரும்பாலும் காண்பதில்லை. அவருடைய கைக்குச் சாயம் வருவது கடையில் நிறுத்துக் கட்டிய சிறு பையில்தான். ஆனால் கடலுக்கு வடியும் சிற்றோடையான தோணாவில் நிறம் மாறிய தண்ணீர் ஓடுகிறது என்று யாராவது முறையிடும்போது, விற்பவரோ அதிகாரியோ முதலில் எடுத்து நீட்டுவது இந்த வரியைத்தான். "மீனுக்கே ஒன்றும் செய்யாத சாயம்" என்று பேச்சு அத்துடன் முடிக்கப்படுகிறது. அந்த எண் பொய்யன்று. அது முறையாகச் செய்யப்பட்ட ஒரு பரிசோதனையின் விடை. ஆனால் தோணாவைப் பற்றி நாம் கேட்கும் கேள்விக்கான விடை அன்று. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த இடைவெளி தெளிவாகும்.

எல்.சி.50 என்பது, குறித்த கால அளவுக்குள் பரிசோதனை மீன்களில் பாதியைக் கொல்லும் என்று கணிக்கப்படும் செறிவு. எண் சிறிதாக இருந்தால் பொருள் கொடியது, பெரிதாக இருந்தால் அந்த அளவுக்குச் சாது. எல்லா உயிர்களும் ஒரே அளவில் சாவதில்லை. வலுவற்றது முன்பும் வலுவானது பின்பும் சாகும். நடுவிலுள்ள உயிரின் அளவே மிகவும் நிலையான குறி என்ற எண்ணம் 1920களில் மருந்துகளின் வீரியத்தை அளவிட முயன்றவர்களிடமிருந்து வந்தது. 1927 இல் பிரித்தானியரான ட்ரெவன் வாய்வழியாகவோ ஊசிவழியாகவோ கொடுக்கும் மருந்துக்கு இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மீனைப் பொறுத்தவரை நஞ்சு நீரிலேயே கரைந்திருப்பதால், உடலுக்குள் சென்ற அளவுக்குப் பதிலாக நீரிலுள்ள செறிவு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் 203 ஆம் இலக்க வழிகாட்டி. 1981 இல் ஏற்கப்பட்டு, 1992 இலும் 2019 இலும் திருத்தப்பட்டது. ஐந்து செறிவுகளேனும் வேண்டும். அவை கூட்டல் வரிசையில் அல்லாமல் பெருக்கல் வரிசையில் செல்ல வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் ஏழு மீன்களுக்குக் குறையக் கூடாது. சாயம் சேர்க்காத கட்டுப்பாட்டுத் தொட்டி ஒன்று அவசியம். அதில் பத்திலொன்றுக்கு மேல் செத்தால் முழுப் பரிசோதனையும் செல்லாது. நீரில் கரைந்த ஒட்சிசன் நிரம்பல் அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மீன்களை முன்கூட்டியே அந்த நீருக்குப் பழக்கி, தொடங்கும் முன் உணவை நிறுத்தி, நோயுற்றவற்றை விலக்கி, பிறகே தொட்டியில் விட வேண்டும். 96 மணித்தியாலம் என்பதில் உயிரியல் இரகசியம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலை தொடங்கிய வேலை வெள்ளிக்கிழமை காலை முடிந்துவிடும். வாரத்தின் வேலைநாட்களுக்குள் அது அடங்குகிறது.

லீற்றருக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் எந்த மீனும் சாகாவிட்டால் அதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை என்ற ஏற்பாடும் இதில் உண்டு. இதற்கு எல்லைப் பரிசோதனை என்று பெயர். தரவுத்தாளில் "100க்கு மேல்" என்று காணப்படுவது பெரும்பாலும் இதனால்தான். உலகளாவிய வகைப்பாட்டு முறையும் இதே படிகளில் செல்கிறது: 1 மில்லிகிராமும் அதற்குக் கீழும் முதல் வகை, 10 வரை இரண்டாம் வகை, 100 வரை மூன்றாம் வகை. 100ஐத் தாண்டியதற்கு உடனடி நச்சு என்ற முத்திரை இல்லை.

ஒரு மீனின் எடை

எண்ணின் திட்பத்தை மதிப்பிட, கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டுக்காக ஒரு சாயத்தை 10, 20, 40, 80, 160 மில்லிகிராம் செறிவுகளில், தொட்டிக்கு ஏழு மீன் வீதம் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். 40 இல் இரண்டு மீன், 80 இல் ஆறு மீன் செத்தன என்றால், மடக்கை அளவில் இடைச்செருகிக் கிடைக்கும் எல்.சி.50 ஏறத்தாழ 52. இப்போது 40 மில்லிகிராம் தொட்டியில் இன்னும் ஒரேயொரு மீன் செத்ததாகக் கொண்டால், விடை 45க்கு இறங்கிவிடுகிறது. ஒரு மீன் முந்தைய நாள் வலையில் சற்று அடிபட்டிருந்தாலும் போதும், இந்த வித்தியாசம் வந்துவிடும். ஆகவே "51.9" என்று தசமத்துடன் அச்சிடப்பட்ட எண்ணைக் கண்டால், அதன் அருகே நம்பிக்கை எல்லைகள் தரப்பட்டுள்ளனவா என்றே முதலில் பார்க்க வேண்டும். அவை இல்லாத எண்ணை "நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் எங்கோ" என்று வாசிப்பதே நேர்மை.

செறிவு கூடக்கூடச் சாவு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதைக் காட்டும் சாய்வும் அதே அளவுக்கு முக்கியம். ஆனால் தரவுத்தாளில் அது இடம்பெறுவதில்லை. ஒரே எல்.சி.50 உடைய இரண்டு சாயங்களில் ஒன்று பாதி அளவில் ஒரு மீனையும் கொல்லாமல், இரு மடங்கில் எல்லாவற்றையும் கொன்றுவிடலாம். மற்றது பத்திலொரு பங்கில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கொன்றுகொண்டே போகலாம். குளத்தில் வாழும் மீனுக்கு இரண்டாவதே ஆபத்து. ஏனென்றால் குளத்தில் கலக்கும் சாயம் பெரும்பாலும் எல்.சி.50க்கு மிகக் கீழேயே இருக்கும்.

எந்தச் சாயம், எந்த மீன்

1856 இல் வில்லியம் பெர்கின் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டது முதல், ஆயிரக்கணக்கான செயற்கைச் சாயங்கள் சந்தைக்கு வந்துள்ளன. அவற்றையெல்லாம் "இரசாயனச் சாயம்" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதே நமது விவாதங்களில் காணும் முதல் குறை. சாய உற்பத்தியாளர்கள் 1980 வரை திரட்டிய முடிவுகளின்படி, ஏறத்தாழ 3000 வணிகச் சாயங்களில் சுமார் 98 சதவீதத்தின் எல்.சி.50 லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேலேயே இருந்தது. நீரில் 1 மில்லிகிராம் சாயம் கரைந்தாலே கண்ணுக்கு நிறம் தெரிந்துவிடும் என்பதால், பெரும்பாலான சாயங்கள் மீனைக் கொல்லும் முன்பே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. எஞ்சிய 2 சதவீதத்தில் பெரும்பங்கு, நீரில் நேர்மின்னேற்றம் பெறும் மூலச் சாயங்கள் (basic dyes) என்ற ஒரே குடும்பத்தினுடையது.

1970களில் அமெரிக்காவில் கொழுத்தலை மின்னோ என்ற சிறு நன்னீர் மீனைக் கொண்டு 46 சாயங்கள் சோதிக்கப்பட்டபோதும் இதே படம்தான் தெரிந்தது. 29 சாயங்கள் 180 மில்லிகிராமிலும் பாதி மீன்களைக் கொல்லவில்லை. மறுமுனையில், மெதில் வயலெற்றைச் சேர்ந்த ஒரு மூலச் சாயம் 0.047 மில்லிகிராமிலும், மலகைற் பச்சை 0.12 மில்லிகிராமிலும் பாதியைக் கொன்றுவிட்டன. ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது.

இந்தத் தூரத்துக்குக் காரணம் செவுளில் இருக்கிறது. மீனின் செவுள் மிக மெல்லிய தோல் மடிப்புகளால் ஆனது. அதன் மேற்பரப்பும் சளிப்படலமும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. பருத்தி நூலுக்குப் பயன்படும் நேரடிச் சாயங்களும், நூலுடன் வேதிப்பிணைப்பால் இணையும் ரியாக்டிவ் சாயங்களும் சல்போனேற்றுக் கூட்டங்களைத் தாங்கிய பெரிய மூலக்கூறுகள். நீரில் அவையும் எதிர்மின்னேற்றமே பெறுகின்றன. செவுள் அவற்றைத் தள்ளிவிடுகிறது. தள்ளாவிட்டாலும் அவற்றின் பருமன் காரணமாக மென்சவ்வைக் கடப்பது கடினம். மூலச் சாயங்களோ நேர்மின்னேற்றம் உடையவை. செவுளில் ஒட்டி, உள்ளே சென்று, கலத்தின் சுவாசத் தொழிற்பாட்டைக் குழப்புகின்றன. மீன் முதலில் அடிக்கடி இருமுவது போலச் செவுள் மூடியை உதறும், பிறகு நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பக்கவாட்டில் சாயும். செத்த மீனின் செவுளை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மடிப்புகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதைக் காணலாம்.

மலகைற் பச்சையின் கதையில் ஒரு முரண் உண்டு. செவுளிலும் தோலிலும் வளரும் பூஞ்சைக்கும் வெண்புள்ளி நோய்க்கும் மருந்தாக அதை மீன் வளர்ப்போரே நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். கொல்லும் அளவும் குணமாக்கும் அளவும் மிக அருகருகே நின்றன. உடலுக்குள் அது நிறமற்ற வடிவத்துக்கு மாறிக் கொழுப்பில் நீண்ட நாள் தங்குவதாலும், புற்றுநோய் குறித்த ஐயத்தாலும், உணவு மீன்களில் அதன் பயன்பாடு இன்று பல நாடுகளில் தடைசெய்யப்பட்டுள்ளது.

நமது பகுதியில் இந்த வேறுபாட்டுக்கு நேரடிப் பொருள் உண்டு. கைத்தறிப் பருத்தி நூலுக்கு மூலச் சாயம் சரியாகப் பிடிக்காது, வெயிலிலும் நிற்காது. ஆனால் புல், ஓலை, சணல் போன்றவற்றில் அது சூடான நீரில் உடனே ஏறும், பளீரென்றும் இருக்கும். ஆகவே சாயத்தண்ணீர் அதிகமாக ஓடுவது நூல் சாயமிடும் கொட்டிலிலிருந்து என்றாலும், கிராமொன்றுக்குக் கொடிய சாயம் பாய்க்குப் பன்புல்லை அவிக்கும் வீட்டு அண்டாவிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். நீரில் எஞ்சிய மூலச் சாயம் 5 கிராம் மட்டுமே என்று வைத்தாலும், ஐந்து மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் கொண்ட குட்டையில் அது லீற்றருக்கு 0.25 மில்லிகிராம் ஆகிறது. சேறும் பாசியும் அதில் ஒரு பகுதியை விரைவாக இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் பையை வாங்கும்போது அது எந்தக் குடும்பத்துச் சாயம் என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. பையில் எழுதியும் இருப்பதில்லை.

மீனைத் தெரிவு செய்வதிலும் இதேபோன்ற கவனம் வேண்டும். வழிகாட்டி பரிந்துரைக்கும் மீன்களில் வரிமீன், வானவில் ட்ரவுட், கெண்டை, கப்பி ஆகியவை அடங்கும். ட்ரவுட் குளிர்நீர் மீன். நுவரெலியாவுக்குப் பொருந்தலாம், மட்டக்களப்புக்குப் பொருந்தாது. கப்பி இங்கே புதியதன்று; நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடப்படும் அதே மீன்தான். 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நமது குளங்களின் முதன்மையான பிடிமீன் என்பதால் உள்ளூர் ஆய்வாளர்கள் அதையே அதிகம் நாடுகின்றனர். ஆனால் திலாப்பியா உப்பையும் வெப்பத்தையும் குறைந்த ஒட்சிசனையும் தாங்கிப் பழகிய முரட்டு மீன். அது பிழைத்ததைக் கொண்டு சிறு கெண்டை இனங்களும் பிழைக்கும் என்று சொல்ல இயலாது. விரால், பனையேறி போன்றவை மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. சாயம் கலந்த வாய்க்காலில் விரால் துள்ளுகிறது என்று காட்டுவது தண்ணீர் நல்லது என்பதற்குச் சான்றாகாது.

வெப்பநிலையைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய ஆய்வுகூடத் தொட்டி 15 அல்லது 23 பாகை செல்சியசில் இருக்கும். நமது குளங்களும் வாய்க்கால்களும் சாதாரணமாக 28 முதல் 31 பாகை வரை செல்லும். 15 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.6 மட்டுமே. அதே வேளை சூட்டில் மீனின் ஒட்சிசன் தேவை கூடுகிறது, செவுள் வழியே செல்லும் நீரின் அளவும் கூடுகிறது. செவுளைத் தாக்கும் நஞ்சுக்கு இது இரட்டிப்பு வாய்ப்பு. இறக்குமதித் தாளில் உள்ள எண்ணை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாமைக்கு இது ஒன்றே போதிய காரணம்.

அண்டாவுக்குள் என்ன இருக்கிறது

இனிச் சாயத்தூளை விட்டுச் சாயத்தண்ணீருக்கு வருவோம். என் கருத்தில் இந்த விடயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ரியாக்டிவ் சாயம் கொண்டு 10 கிலோ பருத்தி நூற்கழியைச் சற்று ஆழ்ந்த நிறத்துக்குச் சாயமிடுவதாக எடுத்துக்கொள்வோம். நூலின் எடையைப் போல் இருபது மடங்கு நீர் என்றால் 200 லீற்றர். நூலின் எடையில் 3 சதவீதம் சாயம் என்றால் 300 கிராம். ரியாக்டிவ் சாயத்தில் நூலில் நிலைப்பது 60 முதல் 90 சதவீதம் வரை. இங்கே 70 சதவீதம் என்று கொண்டால் 90 கிராம் நீரிலேயே எஞ்சுகிறது. அதாவது லீற்றருக்கு 450 மில்லிகிராம். சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்காக லீற்றருக்கு 50 கிராம் அளவில் உப்பு போடப்படுகிறது. மொத்தம் 10 கிலோ. நிலைப்படுத்துவதற்குச் சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடா, லீற்றருக்கு 20 கிராம். மொத்தம் 4 கிலோ. நீரின் பீ.எச். பெறுமானம் 11ஐ அண்மிக்கிறது.

இந்த அண்டாவில் 450 மில்லிகிராம் சாயத்துக்குப் பக்கத்தில் 50,000 மில்லிகிராம் உப்பு நிற்கிறது. கடல்நீரிலேயே லீற்றருக்கு 35 கிராம்தான் உப்பு. ஒரு நன்னீர் மீனை இதற்குள் விட்டால் அது நிறத்தால் சாவதற்கு நேரமே கிடைக்காது. உப்பும் காரமும் அதற்கு முன்பே வேலையை முடித்துவிடும். சாயத்தூளைச் சுத்தமான, நடுநிலையான, காற்றூட்டிய நீரில் கரைத்துப் பெறப்பட்ட எல்.சி.50 இந்தச் சாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. வழிகாட்டியின் விதிகள் அனைத்தும் சாயத்தைத் தவிர வேறெதுவும் மீனைக் கொல்லாதபடி பார்த்துக்கொள்வதற்காகவே எழுதப்பட்டவை. தோணாவிலோ அந்த வேறெல்லாம்தான் முதலில் வந்து சேர்கிறது.

தானாக நீரில் கரையாத வாட் சாயமாக இருந்தால் கொல்லும் பொருள் மாறுகிறது. அதைக் கரைப்பதற்குக் கோஸ்டிக் சோடாவும், சாயமிடுவோர் ஹைட்ரோஸ் என்று அழைக்கும் சோடியம் ஐதரோசல்பைற்றும் சேர்க்கப்படுகின்றன. ஹைட்ரோஸ் ஒட்சிசனை விழுங்கும் பொருள். அதுவே அதன் வேலை. வேதியியல் சமன்பாட்டின்படி ஒரு கிராம் ஹைட்ரோஸ் ஏறத்தாழ 0.18 கிராம் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். 30 பாகையில் நிரம்பிய நன்னீரில் அது இருபது லீற்றருக்கும் மேற்பட்ட நீரின் முழு ஒட்சிசன். ஓட்டமில்லாத வாய்க்காலில் மிச்ச ஹைட்ரோசைக் கொட்டினால் மீன் மூச்சுத்திணறிச் சாகும்; ஆனால் பார்ப்பவரின் கண்ணில் படுவது நீல நிறம் என்பதால் பழி சாயத்தின் மேல் விழும்.

காரத்தின் விளைவு இன்னும் மறைமுகமானது. வீட்டுக் கழிவும் வயல் வடிச்சலும் கலக்கும் நீரில் அமோனியம் எப்போதும் சிறிதளவு இருக்கும். 30 பாகையில், பீ.எச். 7 ஆக இருக்கும்போது அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நஞ்சான அமோனியா வடிவில் நிற்கும். பீ.எச். 9ஐத் தொட்டால் அது 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். சாயத்தண்ணீர் புதிதாக ஒரு துளி நஞ்சையும் கொண்டுவராமலேயே, அங்கு ஏற்கெனவே இருந்ததை நஞ்சாக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டின் திருப்பூர் இதை நமக்கு முன்பே பெரிய அளவில் அனுபவித்தது. நொய்யல் ஆற்றுக்குக் குறுக்கே 1992 இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, சாயப்பட்டறைக் கழிவின் தேக்கமாக மாறியது. அங்கு விவசாயிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது நிறத்தைக் காட்டிலும் உப்பு. மண்ணும் கிணறும் உப்பேறின. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. நமது கைத்தறிக் கொட்டில்களின் அளவு அதனுடன் ஒப்பிடத்தக்கதன்று. 1977க்குப் பிந்திய திறந்த இறக்குமதிக்குப் பின் தறிகள் வெகுவாகக் குறைந்தும் போயின. ஆயினும் அண்டாவுக்குள் இருக்கும் விகிதம் இரு இடத்திலும் ஒன்றே.

அந்த 200 லீற்றர் பத்து மீற்றர் நீள அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் கொண்ட குளத்தில் ஒருமுறை கலந்தால் சாயம் லீற்றருக்கு 0.9 மில்லிகிராமாகவும் உப்பு 100 மில்லிகிராமாகவும் சுருங்கிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த அளவில் ரியாக்டிவ் சாயத்தால் எந்த மீனும் நான்கு நாளில் சாகாது. சாயமிடுவோரைக் குற்றவாளியாக்கும் எழுத்துகள் இந்தக் கணக்கைத் தவிர்த்துவிடுகின்றன. உண்மையான கேள்விகள் வேறு: எத்தனை முறை, எந்தப் பருவத்தில், எங்கே? வடகீழ்ப் பருவமழையில் தோணா உடைந்து கடலுக்கு ஓடும்போது கொட்டுவதும், ஆவணியில் மணல்மேடு வாயை அடைத்து நீர் தேங்கி நிற்கும்போது கொட்டுவதும் ஒன்றாகா. மேற்கே கிட்டங்கிப் பக்கமாக மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி, ஆறுகளும் வயல் வடிச்சலும் சேர்வதால், முகத்துவாரத்தை அண்டிய பகுதியைவிட உப்புக் குறைந்தது. அங்கே வாழும் மீன்களுக்கு நன்னீர் அளவுகோல் பொருந்தும். வாவியின் வடபகுதிக்கு அதே எண்ணைப் பயன்படுத்துவது சரியன்று.

இன்னொன்றும் உண்டு. கரையோர ஊர்களில் பல வீட்டுச் சாயத்தண்ணீர் மீன் இருக்கும் நீருக்குப் போவதே இல்லை. வளவு மணலில் ஊற்றப்படுகிறது. மணலுக்குக் கீழே சில அடியிலேயே கிணற்று நீர். மீன் பரிசோதனை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டாலும் அந்தக் கிணற்றைப் பற்றி எதுவும் கூறாது.

ஆய்வுகூடத்தில் வழுக்கும் இடங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பயிலும் மாணவர் ஒருவர் இத்தகைய பரிசோதனையைச் செய்ய நினைத்தால், சாயத்துக்கே உரிய சில தொல்லைகளை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். முதலாவது, தொட்டிக்குள் பார்க்க முடியாது. 100 மில்லிகிராம் கருநீலத்தில் மீன் நீந்துகிறதா சாய்ந்திருக்கிறதா என்பது தெரியாமல், கணிப்பவர் வலையால் துழாவத் தொடங்கினால் அந்தத் துழாவலே மீனுக்கு ஒரு தாக்கமாகிவிடும். ஆழம் குறைந்த, வெண்ணிற அடித்தளமுள்ள தொட்டி ஓரளவு உதவும். 2019 திருத்தம் சாவை மட்டுமன்றி நடத்தை மாற்றங்களையும் சாகும் தறுவாயையும் பதியச் சொல்கிறது. அதற்கும் கண்ணால் காண வேண்டும்.

இரண்டாவது, நிறுத்துப் போட்ட அளவும் நீரில் உள்ள அளவும் வேறாகலாம். வணிகச் சாயத்தூளில் நிறத்தைச் சீராக்குவதற்காக உப்பு போன்ற நிரப்பிகள் கலக்கப்பட்டிருக்கும். 100 மில்லிகிராம் தூள் என்பது 100 மில்லிகிராம் சாயம் அன்று. மூலச் சாயம் கண்ணாடிச் சுவரிலும் காற்றுக்குழாயிலும் மீனின் சளியிலும் ஒட்டிக்கொண்டு நீரிலிருந்து மறையும். ஆகவே ஒளியுறிஞ்சல்மானியால் நாள்தோறும் செறிவை அளந்து, அது தொடக்க அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் அளந்த செறிவையே கணக்கில் எடுக்க வேண்டும். நிறத்தைக் கொண்டே செறிவை அளக்கலாம் என்பது சாயம் தரும் ஒரே சலுகை.

மூன்றாவது, கொட்டப்படும் சாயம் பையிலிருந்த சாயம் அன்று. ரியாக்டிவ் சாயத்தில் நூலுடன் இணையத் தவறிய பகுதி கார நீருடன் தாக்கமுற்று நீர்ப்பகுப்படைந்துவிடுகிறது. வாய்க்காலுக்குப் போவது அந்த மாறிய வடிவமே. சேற்றுக்கு அடியில் ஒட்சிசன் அற்ற இடத்தில் பற்றீரியா அசோச் சாயங்களைப் பிளந்து அரோமற்றிக் அமீன்களாக்கும். நிறம் போய்விடும். ஊரார் தண்ணீர் தெளிந்துவிட்டது என்பார்கள். அந்த அமீன்களில் சில, குறிப்பாகப் பென்சிடீன், புற்றுநோயை உண்டாக்குபவை. நான்கு நாள் பரிசோதனை இதைக் காண்பதற்காக அமைக்கப்பட்டதன்று. வளர்ச்சி குன்றுதல், முட்டையிடல் குறைதல், ஒளி மறைக்கப்பட்டுப் பாசி குறைவதால் உணவு குறைதல் ஆகியவையும் அதன் பார்வைக்கு வெளியே நிற்கின்றன.

ஒரு சாயத்துக்கு ஐந்து செறிவும் ஒரு கட்டுப்பாடும் என்றால் நாற்பதுக்கு மேற்பட்ட மீன்கள் வேண்டும். இதற்கு மாற்றாக 2013 இல் வந்த வரிமீன் முளையப் பரிசோதனை, கருவுற்ற முட்டைகளை 96 மணித்தியாலம் கரைசலில் வைத்து, முட்டை உறைதல், உடற்கண்டங்கள் தோன்றாமை, வால் பிரியாமை, இதயத் துடிப்பின்மை என்ற நான்கு குறிகளைப் பார்க்கிறது. செவுள் கலங்களை மட்டும் வளர்த்துச் சோதிக்கும் முறை 2021 இல் ஏற்கப்பட்டது. சேர்மனி 2005 முதல் கழிவுநீர்ச் சட்டத்தில் மீனுக்குப் பதில் மீன்முட்டையையே கேட்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்நாடு சோதிப்பது சாயத்தூளை அல்ல, குழாயிலிருந்து வெளியேறும் கழிவுநீரை.

இலங்கையில், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரியில் வெளியான ஒழுங்குவிதிகள், உள்நாட்டு மேற்பரப்பு நீருக்கு விடப்படும் கழிவுக்குப் பொதுவான எல்லைகளை வகுத்துள்ளன: பீ.எச். 6.0 முதல் 8.5 வரை, உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் கேள்வி (கழிவை இரசாயன முறையில் ஒட்சியேற்றத் தேவைப்படுவது) 250 மில்லிகிராம். நிறம் மூன்று அலைநீளங்களில் அளக்கப்படுகிறது. மீற்றருக்கான உறிஞ்சல் மஞ்சளுக்கு 7, சிவப்புக்கு 5, நீலத்துக்கு 3 என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. மேலே போட்ட அண்டாக் கணக்கை இந்த எல்லைகளுடன் வைத்துப் பார்த்தால், தரவுத்தாளில் "100க்கு மேல்" என்று தேறிய சாயத்தின் கழிவுநீர், நிறத்திலும் பீ.எச்.இலும் முதல் பார்வையிலேயே தவறிவிடும். பீ.எச். தாளுக்குச் செலவு மிகக் குறைவு. அதைப் பார்க்காமல் மீனைத் தேடிப் போவது வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதாகும்.

ஆகவே இப்பகுதிக்கு உதவக்கூடிய பரிசோதனை ஒன்றை வடிவமைப்பதானால், தூளை வாங்கித் தொடங்காமல் வாய்க்கால் முனையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். எடுத்த கழிவுநீரை அதே குளத்து நீரால் 50, 25, 12.5, 6.25, 3.1 சதவீதமாக ஐதாக்கி, ஒரு வரிசையை உள்ளபடியும், மற்றொரு வரிசையை அமிலத்தால் பீ.எச். 7.5க்குக் கொண்டுவந்து காற்றூட்டிய பின்பும், சாயமே இல்லாமல் அதே அளவு உப்பும் சோடாவும் மட்டும் சேர்த்த மூன்றாம் வரிசையையும் அருகருகே வைக்க வேண்டும். இரண்டாம் வரிசையில் மீன் பிழைத்தால் கொன்றது காரமோ ஒட்சிசன் இழப்போ. மூன்றாம் வரிசையும் முதலாவதைப் போலவே கொன்றால் சாயத்தை விசாரிக்க வேண்டிய தேவை அப்போதைக்கு இல்லை. இரண்டாவது கொன்று மூன்றாவது கொல்லாவிட்டால் மட்டுமே சந்தேகம் சாயத்தின் மேல் திரும்புகிறது, அப்போதுதான் எந்தக் குடும்பத்துச் சாயம் என்று கடைக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும். கப்பியும் சிறு கெண்டையும் என இரண்டு இனமாவது வேண்டும். தொட்டி நீர் 28 முதல் 30 பாகையில் நிற்க வேண்டும். மாதிரி எடுக்கும் நேரமும் முடிவை மாற்றும். சாய அண்டா கவிழ்க்கப்படும் முதல் சில நிமிடத்தின் நீரும், அதன் பின் நூலை மூன்று நான்கு முறை அலசி ஊற்றும் நீரும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். அலசும் வேளையில் போய்ப் போத்தலில் பிடித்து வந்த மாதிரி எந்தத் தொட்டியிலும் எந்த மீனையும் கொல்லாமல் போகக்கூடும்.